கிணற்றுக்குக் கேட்ட பூ

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். விண்ணப்பம் எழுதும் முறை, அனுப்பும் முறை, திரும்பி வந்தால் செய்ய வேண்டியது எல்லாம் உங்கள் மேசையிலேயே கிடக்கின்றன. ஒரு மழைக்காலம் போனால் கை தானாகப் பழகிவிடும். கை பழகாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. போன ஆனியில் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் கால் நிற்க மாட்டேன் என்கிறது. நடக்கிறேன். நடக்கும்போதெல்லாம் ஒரு கிணறு கூடவே வருகிறது.

அணாவை மறக்காமலேயே நயா பைசாவைப் பழகிக்கொண்டிருந்த வருஷங்கள். கோயமுத்தூரின் கிழக்கோரத்தில், பருத்திக் காட்டுக்கும் மில் புகைபோக்கிக்கும் நடுவே நின்றது நம் கல்லூரி. ஆராய்ச்சி உதவிப் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில் மூன்று பேர் இருந்தோம். சூப்பிரண்டு, தட்டச்சு செய்யும் சரசு, நான். டெல்லியில் ஒரு கவுன்சில் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறது என்பது அப்போது பாதி வதந்தி. பாடம் நடத்தினால் கட்டடமே அதிரும்படி பேசுகிற பேராசிரியர்கள், பணம் என்றதும் எங்கள் வாசலுக்கு வந்து, கல்யாண வீட்டில் பந்திக்கு யாரும் அழைக்காமல் நிற்கிறவர்களைப்போல நிற்பார்கள். அவர்களை உள்ளே அழைத்து, மனதில் இருப்பதைச் சொல்லவைத்து, அதைக் கொடுக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதவைப்பதுதான் எங்கள் பிழைப்பு. உங்கள் பிழைப்பும் அதுதான்.

சூப்பிரண்டுக்கு வீட்டில் தெலுங்கு, ஆபீசில் கொங்குத் தமிழ், டெல்லிக்காரர்களிடம் இங்கிலீஷ். மூன்றிலும் குறைவாகவே பேசுவார். எதையாவது கவனமாகக் கேட்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். கண்ணாடி கழன்றால் சரசு தட்டுவதை நிறுத்திவிடும்.

நாச்சிமுத்து வந்த அன்று கண்ணாடி கழன்றது.

நாச்சிமுத்து பௌதிகத்தில் தற்காலிக ஆசிரியர். கருமத்தம்பட்டியில் தறிக்குடும்பத்துப் பிள்ளை. ஒரு மில்லின் சோதனைச்சாலையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். அந்தக் கோபத்தில் மாமனார் அவரோடு பேசுவதில்லை. ஆராய்ச்சிப் பணம் ஒன்று பிடித்துக்கொண்டு வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் அடுத்த வருஷம் இடமில்லை என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, ஒல்லியான கழுத்து, யாரோ கூப்பிட்டதுபோல அடிக்கடி திரும்பிப் பார்க்கும் வழக்கம்.

"ஒரு கெணறுங்க," என்றார். "காங்கேயத்துக்கு அந்தப் பக்கம். தண்ணி இல்லை. ஆனா மூச்சு விடுது."

சரசு தலையைக் குனிந்துகொண்டது. சிரிப்பை அப்படித்தான் அது அடக்கும்.

"எப்படி விடுது?" என்று கேட்டார் சூப்பிரண்டு.

"உள்ள ஒரு வெடிப்பு இருக்குங்க. சில நேரம் அதுலருந்து காத்து வெளிய வருது. சில நேரம் உள்ள போகுது. மழை மூட்டம் கட்டினா வெளிய. வானம் தெளிஞ்சா உள்ள. அப்படீன்னா அந்தப் பாறைக்குப் பின்னால எத்தனை பெரிய வெத்திடம் இருக்கோணுமுங்க. அத்தனையும் அளந்துட்டா, எங்காச்சும் ஒரு பக்கம் தண்ணி இருக்கறதும் தெரியுமில்லீங்களா. அந்தச் சீமையே வறண்டு கெடக்குது."

எதையும் கண்ணால் பார்க்காமல் எழுதக்கூடாது என்பது சூப்பிரண்டின் விதி. நான் நாச்சிமுத்துவோடு பஸ் ஏறினேன். காங்கேயத்தில் இறங்கி வேலிக்கால்களுக்கு நடுவே நடந்தோம். வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல், கொம்பை உயர்த்தி எங்களைப் பார்த்து நின்ற மயிலைக் காளைகள். ஒரு தோட்டத்து வாசலில் நின்றிருந்தவர் ராமாத்தாள். அந்தத் தோட்டத்தைக் கணவர் போன பிறகும் தனியாளாக நடத்துகிறவர். இடுப்பில் செருகிய சாவிக்கொத்து, யாரையும் மேலும் கீழும் பார்க்கிற கண்.

"ஏனுங்க வாத்தியாரே, இன்னைக்கு இன்னொருத்தரையும் கூட்டியாந்துட்டீங்களா? கெணறு என்ன சர்க்கஸ் கூடாரமுங்களா?"

"இவரு எழுதிக் குடுக்கறவருங்க அக்கா."

"எழுதட்டும் எழுதட்டும். எங்கூட்டுக்காரரு தம்பி அதுல எறங்கினதையும் சேத்தி எழுதச் சொல்லுங்க. கவுத்தைப் புடிச்சுட்டுப் பேசிட்டேதான் எறங்கினாருங்க. மோட்டார் வைக்கலாமா, ஆழம் போதுமான்னு. பாதியில பேச்சு நின்னுது. விழுந்த சத்தங்கூட இல்லை. அவரைத் தூக்க எறங்கினவரும் அப்படியேதான்."

பாறையைக் குடைந்து வெட்டிய அகலமான கிணறு. ஓரத்தில் வேப்பமரத்தடியில் கன்னிமார் கற்கள் வரிசையாக நின்றன, மஞ்சள் பூசி. கிணற்றின் கல்லிடுக்குகள் முழுக்க மாடப்புறாக்கள். படி முடிகிற இடத்துக்குக் கீழே, வெளிச்சம் சாம்பலாகிற ஆழத்தில், கருப்பாக ஒரு வெடிப்பு. அதன் முன்னால் நாச்சிமுத்து ஒரு குச்சியை அடித்து, வேட்டிக் கிழிசல் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார். முதலில் அந்தத் துணி எங்களை நோக்கி நீண்டிருந்தது. பிறகு தொங்கியது. வெகுநேரம் தொங்கியது. அப்புறம் அதன் நுனி திரும்பிப் பாறையை மோந்து பார்த்தது. மடித்த வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்குவதுபோல, அவசரமே இல்லாமல், வெடிப்பு அதை உள்ளே வாங்கிக்கொண்டது. துணி தெரியவில்லை. பட்டப்பகல். என் பிடரியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து எழுதினோம். மூச்சு என்ற சொல்லை எடுத்துவிடலாம், டெல்லியில் சிரிப்பார்கள் என்றேன். "இருக்கட்டும் கண்ணு," என்றார் சூப்பிரண்டு. "பாத்ததை எழுதறதுக்குத்தான் உன்னை அனுப்பினேன்." இருந்தது. அந்தச் சொல்தான் டெல்லியிலிருந்து ஒரு மனிதரைக் கிளப்பிக் கொண்டுவந்தது.

ஐப்பசி. வந்தவர் உயரமான வடக்கத்திக்காரர், பாறை ஆராய்ச்சியில் பெரிய நிபுணர். அவர் பார்த்துவிட்டுச் சொல்வதுதான் முடிவு. கல்லூரிக் காரில் அவரும் சூப்பிரண்டும் நாச்சிமுத்துவும் நானும் போனோம். நாச்சிமுத்து புதுச்சட்டை போட்டிருந்தார். வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

உச்சி நேரத்தில் கிணற்றடியில் நின்றோம். இலை அசையவில்லை. மேற்கே மேகம் கட்டி நின்றுபோயிருந்தது. கீழே துணி செத்த பாம்புபோலத் தொங்கியது. நிபுணர் காத்திருந்தார், கடிகாரம் பார்த்தார், மரியாதையாகப் புன்னகைத்தார். நாச்சிமுத்துவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடி வரைக்கும் சுடர் ஆடாமல் எரிந்தது. காற்று நன்றாக இருக்கிறது என்றார்.

"அப்படியானால் இறங்கிவிடுவோம். வெடிப்பில் நான் கையை வைத்துப் பார்க்க வேண்டும்," என்றார் நிபுணர். பூட்ஸ் கயிற்றை இறுக்கக் குனிந்தார்.

சூப்பிரண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க அக்கா, பூக் கேட்டாச்சுங்களா?"

ராமாத்தாள் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "நான் எங்கீங்க கேட்டேன்? நீங்க யாரும் கேக்கச் சொல்லுலியே."

"பூ குடுக்காம எப்படீங்க எறங்கறது?"

நிபுணரிடம் திரும்பி இங்கிலீஷில் விளக்கினார். இங்கே ஒரு வழக்கம். தெய்வத்தின் தலையில் பூ வைத்து உத்தரவு கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு, விழாவிட்டால் காத்திருக்க வேண்டும். கேட்காமல் இறங்குவது இந்தக் குடும்பத்துக்குச் சம்மதமில்லை. ஆகவே இன்று இறங்க முடியாது. மன்னிக்க வேண்டும்.

"ஐயா, என்னங்க இது?" என்று நாச்சிமுத்து தமிழில் சீறினார். "விளக்கு எரியுதுங்க. நீங்க எனக்கு ஒத்தாசை பண்ண வந்தீங்களா, கெடுக்க வந்தீங்களா?"

"ஒத்தாசைதான் கண்ணு பண்றேன்."

"அப்ப நான் மட்டும் எறங்கறேன்."

"நீயும் வேண்டாம்."

நிபுணர் நிமிர்ந்தார். "பார்க்க முடியவில்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும்," என்றார். கோபமே இல்லை அவரிடம். அதுதான் மோசம். சூப்பிரண்டு தலையை ஆட்டினார். நாச்சிமுத்துவின் மில் வேலை, மாமனார், கல்லூரி, எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் போயின. காரை நோக்கி நடந்தோம்.

பாதி தூரத்தில் சத்தம் வந்தது. சங்கை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றால் அதற்குள் ஒன்று கேட்குமே, அது. காதில் கேட்பதற்கு முன் காலில் தெரிந்தது. ஓடினோம். துணி விறைத்து நீண்டு எங்களை நோக்கி நின்றது. அடியில் விட்டுவிட்டு வந்த விளக்கு, ஆடவில்லை, சிறுக்கவில்லை, யாரோ விரலால் கிள்ளியதுபோல அணைந்தது. நிபுணர் விளிம்பில் நின்று பார்த்தார். பிறகு அங்கிருந்து சில அடி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

அவரை விடுதியில் இறக்கிவிட்ட பிறகு நான் கேட்டேன், எதை வைத்துத் தடுத்தீர்கள் என்று.

"புறாவைப் பாத்தியா? உச்சி வெயில்ல எல்லாம் மரத்து மேல உக்காந்திருந்துது. ஒண்ணுகூட உள்ள இல்லை. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. தெரியலைன்னு சொன்னா அந்த மனுசன் எறங்கிருவாரு. அதான் சாமியைக் கூப்பிட்டேன்."

அன்று அதை ஒரு பெரிய சாமர்த்தியமாக நினைத்து மகிழ்ந்தேன். நீங்களும் இந்நேரம் மகிழ்ந்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தை மாதம் ஒப்புதல் வந்தது. கேட்டது கேட்டபடி. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. நில உரிமையாளரின் அனுமதி, அந்தப் பகுதி வழக்கப்படி பெறப்பட்ட பிறகே எவரும் கிணற்றில் இறங்க வேண்டும். ஆவணிக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒப்புதல் ரத்து. சூப்பிரண்டு படித்துவிட்டுச் சிரித்தார். "கன்னிமாரு டெல்லி பைலுக்குள்ள போயிட்டாங்க," என்றார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

ராமாத்தாள் குளித்து ஈரச்சேலையோடு வந்து கேட்டார். செவ்வரளிப் பூ, நடுக்கல்லின் தலையில். இடப்பக்கம் விழுந்தது.

மாசியில் கேட்டோம். இடம். சித்திரையில் கேட்டோம். பொழுது சாயும்வரை பூ அசையவில்லை. வைகாசியில் மறுபடி இடம்.

"அம்மனுக்கு ஒரு ரிமைண்டர் போடட்டுங்களா?" என்று சரசு கேட்டது. நாங்கள் சிரித்தோம். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அவர் மெலிந்துகொண்டே வந்தார். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறார் என்று பையன்கள் சொன்னார்கள். வேறு கிணறு பார்க்கலாமே என்றேன். "வேற எதுங்க மூச்சு விடுது?" என்றார்.

ஆனியில் பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டார். "பூ கிடைத்துவிட்டது என்று எழுதிவிடுங்கள். டெல்லியிலிருந்து யார் வந்து பூவை எண்ணப் போகிறார்கள்?"

நியாயமான பேச்சு. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அதுதான் வசதி. சூப்பிரண்டு மட்டும் நின்றபடியே, "எழுத மாட்டேனுங்க," என்றார். "அந்தச் சாமி பேரைச் சொல்லி ஒரு தடவை ஒருத்தரைத் தடுத்துட்டேன். இப்ப அதே பேரைச் சொல்லி ஒருத்தரை எறக்க முடியாது." வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தார். "அடுத்தவங்க நம்பிக்கையைச் சாக்காச் சொல்லாத கண்ணு. சொல்லிப்போட்டா, அப்புறம் அவங்களைக் காட்டிலும் நாம அதுக்குக் கட்டுப்படோணும்." இந்தத் தொழிலில் அவர் எனக்கு வாய்விட்டுச் சொன்ன பாடம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் பார்த்துப் பொறுக்கியது.

கடைசியாக ஆடியில் போனோம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று காங்கேயம் வரைக்கும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகிற மாதம். வேலியில் காயப்போட்ட துணி நிற்காது. பேச்சு நிற்காது. இந்தக் காற்றில் பூ ஏதாவது ஒரு பக்கம் விழுந்துதான் ஆகவேண்டும், இன்று முடிவு தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ராமாத்தாள் பூவை வைத்தார். வேப்பமரம் தலைவிரித்து ஆடியது. பூ உட்கார்ந்திருந்தது. மண்ணில் கிடந்த சருகெல்லாம் அதைத் தாண்டிப் பறந்தன. எங்கள் வேட்டிகள் பறந்தன. கல்லின் தலையில் அந்தச் சிவப்பு மட்டும் வேறு ஏதோ ஒரு நாளில் இருப்பதுபோல இருந்தது.

கிணற்றிலிருந்து அந்த ஒலி கிளம்பியது. சூப்பிரண்டும் நானும் எழுந்து போய் எட்டிப் பார்த்தோம். துணி இல்லை. உள்ளே போயிருந்தது. திரும்பி வந்தபோது ராமாத்தாளும் நாச்சிமுத்துவும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பூவும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அவ்வளவுதானுங்க," என்றார் ராமாத்தாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். "இனி நான் கேக்க மாட்டேன்."

"போலாமுங்க," என்றார் நாச்சிமுத்து.

ஒப்புதலைத் திருப்பி அனுப்பினோம். வந்த பணத்தைத் தொடாமல் திருப்பியது எங்கள் பிரிவில் அது ஒன்றே. நாச்சிமுத்து மில்லுக்கே போனார். மாமனார் பேசத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன். சூப்பிரண்டு ஓய்வு பெறும் நாள்வரை நாச்சிமுத்து பெயரை எடுக்கவில்லை. ஒருவனுடைய வாழ்க்கையைத் தன் சாமர்த்தியம் மறித்துவிட்டது என்ற எண்ணம் அவருக்குள் இருந்தது என்பதை நான் அறிவேன்.

அவர் காலமானபின் ஒருநாள், வேறொரு வேலையாக அந்த மில்லுக்குப் போனேன். சோதனைச்சாலையில் நாச்சிமுத்துதான் தலைவர் இப்போது. சதை போட்டிருந்தார். கேண்டீனுக்கு அழைத்துப் போனார். நான் சூப்பிரண்டின் மனக்கஷ்டத்தைச் சொன்னேன். அவர் டம்ளரை மேசையில் வைத்தார்.

"அவர்கிட்டச் சொல்லியிருக்கோணுமுங்க," என்றார். "அன்னைக்குப் பூ விழுந்துது."

"எப்ப?"

"நீங்க ரெண்டு பேரும் கெணத்துக்கிட்டப் போனப்ப. வலப்பக்கம். என்ற மடியிலயே விழுந்துது. நான்தான் எடுத்துத் திரும்ப வெச்சுட்டேன்."

"ராமாத்தாக்கா?"

"பாத்துட்டுத்தான் இருந்துது. ஒண்ணும் சொல்லுலை."

காரணத்தை நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

"அது எப்ப உள்ள இழுக்கும், எப்ப வெளிய விடும்னு எனக்கு இங்கிருந்தே தெரிய ஆரம்பிச்சுதுங்க. வகுப்புல நின்னுட்டு இருப்பேன். இப்ப திரும்புதுன்னு நெஞ்சுக்குள்ள தெரியும். நேரத்தைக் குறிச்சுட்டு, தோட்டத்து ஆளுக கிட்டக் கேட்டா சரியா இருக்கும். தப்பினதே இல்லை. எறங்கியிருந்தா நான் ஏறி வந்திருக்க மாட்டனுங்க. பயந்துட்டேன்னு நெனைக்காதீங்க. பயமில்லை. ஏறோணும்னு எனக்குத் தோணியிருக்காது."

அதன்பிறகு நான் அந்த நாற்காலியில் இருந்தவரை, விண்ணப்பத்தோடு வந்த ஒவ்வொருவரிடமும் கடைசியாக ஒன்று கேட்டேன்: இது கிடைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? எளிய கேள்வி மாதிரித் தெரியும். கேட்டுப் பாருங்கள். மறுப்புக்கு எல்லோரும் தயாராக வருகிறார்கள், அதற்கான முகத்தை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள். கிடைத்துவிடும் என்றதும் சிலர் முகத்தில் ஒன்று திறந்து மூடும். அதைப் பார்த்தால் அவசரப்படாதீர்கள். தேதி நெருங்குகிறது என்று விரட்டாதீர்கள். கவுன்சிலுக்கு அது தெரியாது, பிரின்சிபாலுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

கேண்டீனில் அன்று கூட்டம் குறைவு. சுவருக்கு அந்தப் பக்கம் நூற்கும் எந்திரங்களின் இரைச்சல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இப்பவும் தெரியுமா?"

நாச்சிமுத்து கிழக்கே, காங்கேயத்துப் பக்கமாக, லேசாகத் தலையைத் திருப்பினார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தார். எதையோ எண்ணுகிறவரைப்போல உதடு அசைந்தது.

"இப்ப உள்ள இழுக்குதுங்க," என்றார். "டீ ஆறுது, குடிங்க."